பழைய வீட்டுக்கு பிளம்பிங் இன்ஸ்பெக்ஷன் – காசு கொடுத்து பண்ணலாமா? 5க்கு 4

மார்க்க மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4. குறைஞ்ச ஒன்னு எதுக்குன்னு கீழ வரும், கொஞ்சம் பொறுமையா படிங்க, பெரிய ரிவ்யூ.

சேலம் அழகாபுரத்துல ஒரு ரீசேல் வீடு பாத்தோம். கீழ ஒரு போர்ஷன் மேல ஒரு போர்ஷன், பின்னாடி ஒரு வேப்பமரம், போர் தண்ணி, கார்ப்பரேஷன் தண்ணி ரெண்டும் உண்டு, கட்டி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு ஓனரம்மாவே சொன்னாங்க. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி, வீடு இன்ஸ்பெக்ஷன் பண்ற ஒரு கம்பெனிய கூப்பிட்டோம், இந்த ரிவ்யூ அவங்கள பத்தித்தான். முழு வீட்டையும் பாத்து ரிப்போர்ட் கொடுக்குறாங்க, ஆனா நாங்க பிளம்பிங் மட்டும்தான் எடுத்தோம், ஏன்னா சுவரு விரிசல், கூரை, கம்பி துருப்புடிச்சதெல்லாம் பாக்க எங்க வீட்டுக்காரரோட சித்தப்பாவே மேஸ்திரி, அவர் விரல்ல ரெண்டு தட்டு தட்டுனாலே சொல்லிடுவாரு. பைப்பு சமாச்சாரம் மட்டும் தரைக்குள்ளயும் சுவத்துக்குள்ளயும் போயிடுது, அத தட்டி பாத்து என்ன சொல்ல முடியும். பிளம்பிங் மட்டும்னா 6,000 ரூபா, டிரெய்னேஜ் லைனுக்குள்ள கேமரா விடணும்னா தனியா 2,500. இத கேட்டதும் எங்க மாமனார் "பைப்ப தொறந்தா தண்ணி வருதான்னு பாக்குறதுக்கு எதுக்குடா ஆறாயிரம், நான் போயி பாத்துட்டு வர்றேன்"னு அவர் பையன்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, பைப்ப தொறந்து பாக்குறதோட நிறுத்தறவங்களா இருந்தா ஆறாயிரம் தண்டம்தான்.

ஆனா வீடு பாக்க போற நாம எல்லாரும் அதத்தானே பண்றோம்? வாஷ்பேசின் பைப்ப தொறக்குறது, ஷவர தொறக்குறது, "தண்ணி நல்லா ஃபோர்ஸா வருதுங்களா"ன்னு கேக்குறது, முடிஞ்சுது. வர்ற தண்ணியதான் பாக்குறோம். அந்த தண்ணி எந்த வழியா வெளிய போகுது, எங்க போயி சேருதுன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல, கழிவுத்தண்ணி பைப்புங்க வந்து சேர்ற சேம்பர் குழியோட மூடிய தூக்கி பாத்து வீடு வாங்குன ஆள எங்க சொந்தத்துல நான் பாத்ததில்ல. இவங்க வந்து இருந்த நேரத்துல பாதிக்கு மேல போற தண்ணிக்குத்தான் செலவு பண்ணாங்க, வீட்டோட பெரிய வில்லங்கம் கிடைச்சதும் அங்கதான். மார்க் போட்டதே அதுக்காகத்தான்.

வந்தது ரெண்டு பேரு. ஒருத்தர் பிளம்பிங் வேலையே வருஷக்கணக்கா பாத்த பெரியவர், இன்னொருத்தர் டேப்லெட்ல போட்டோ எடுத்து ரிப்போர்ட் எழுதுற சின்ன பையன். பெரியவர் வந்ததும் எந்த பைப்பையும் தொறக்கல, நேரா மொட்டமாடிக்கு போயி டேங்க் மூடிய தொறந்து, வீட்ல இருக்குற எல்லா பைப்பையும் மூட சொல்லி, மோட்டார போடக்கூடாதுன்னுட்டு, டேங்க் வாயிலிருந்து தண்ணி மட்டம் வரைக்கும் டேப்ப விட்டு அளந்து பையன்கிட்ட குறிச்சுக்க சொன்னாரு. எதுக்குண்ணான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு "மீட்டர் இருந்தா மீட்டர் முள்ளு ஓடுதான்னு பாப்போம் தம்பி, இங்க இல்ல, அதனால டேங்க்கே மீட்டர்"னாரு. ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப அளந்தா ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கு. யாரும் ஒரு சொட்டு தொறக்கல. ஆயிரம் லிட்டர் டேங்க்குல ஒரு சென்டிமீட்டர்னா எட்டு ஒம்போது லிட்டர் வரும், அப்ப மணிக்கு பதிமூணு லிட்டர், நாள் முழுக்க கணக்கு போட்டா 300 லிட்டர் எங்கயோ போயிட்டு இருக்கு.

எங்க போகுதுன்னு கண்டுபுடிக்க அவர் பையிலிருந்து எடுத்தது என்ன தெரியுமா, கேசரி பவுடர். நாம ஸ்வீட்டுக்கு போடுற அதே ஆரஞ்சு கலரு. ஒவ்வொரு டாய்லெட்லயும் ஃப்ளஷ் டேங்க் மூடிய தூக்கி ஒரு சிட்டிகை போட்டுட்டு, யாரும் ஃப்ளஷ் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு போயிட்டாரு. இருபது நிமிஷம் கழிச்சு மேல் பாத்ரூம்ல போயி பாத்தா வெள்ள பீங்கான்ல மெல்லிசா ஒரு ஆரஞ்சு கோடு, நூலு மாதிரி, பின்பக்கமா இறங்கிட்டே இருக்கு. சத்தமே இல்ல. ஓனரம்மா அஞ்சாறு வருஷமா "போர் தண்ணி பத்தல பத்தல"ன்னு மோட்டார் ஓட்டிட்டு இருந்திருக்காங்க, இந்த லீக்குக்கும் அதுல பங்கு இருந்திருக்கும். காரணம் கேட்டா, டேங்க் அடியில இருக்குற ரப்பர் வாஷர்ல உப்பு படிஞ்சு சரியா உக்கார மாட்டேங்குது. நூறு ரூபா சாமான். இத நீங்களே வீட்ல பண்ணி பாக்கலாம், இதுக்கு இன்ஸ்பெக்டர் வேண்டாம்.

உப்புன்னதும் இங்கயே அந்த குறைஞ்ச மார்க்ல பாதிய சொல்லிடறேன். நம்ம ஊரு மேக்னசைட் வெட்டி எடுக்குற ஊரு, போர் தண்ணி எப்படி இருக்கும்னு சேலத்துக்காரங்களுக்கு சொல்லணுமா, பாத்ரூம் பைப்ப பாத்தாலே தெரியும், ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளையா அடைஞ்சு நாலு ஓட்டையில மட்டும் தண்ணி நாலு திசைக்கு பீச்சும். அப்படி இருக்கையில இவங்க பேக்கேஜ்ல தண்ணி டெஸ்ட்னு இருக்குறது டிடிஎஸ் மீட்டர் மட்டும்தான். அந்த பேனா மாதிரி சாமான தண்ணியில முக்கி ஒரு நம்பர் சொல்றது. டிடிஎஸ் வேற, கடினத்தன்மை வேற. டிடிஎஸ்ங்கறது தண்ணியில கரைஞ்ச எல்லாத்தோட மொத்தம், அதுல கால்சியம் மக்னீசியம் எவ்ளோங்கறதுதான் கீசரையும் பைப்பையும் கெடுக்குறது. அந்த டெஸ்ட்டுக்கு தனியா 300 ரூபான்னாங்க. சென்னையில எக்ஸ்ட்ராவா வெச்சுக்கங்க, சேலத்துல இது மொத டெஸ்ட்டா இருக்க வேணாமா? சரின்னு கொடுத்தோம். சின்ன பாட்டில்ல தண்ணி எடுத்து ஒரு பொடிய போட்டா ஒயின் கலர் ஆகுது, அப்புறம் சொட்டு மருந்து மாதிரி ஒன்ன சொட்டு சொட்டா விட்டு எண்ணிட்டே வர்றாங்க, நீலமா மாறுனா நிறுத்திட்டு சொட்டுகளோட எண்ணிக்கைய வெச்சு கணக்கு. லிட்டருக்கு 780 மில்லிகிராம் வந்துச்சு. ஐஎஸ் 10500ங்கற இந்திய தர விதியில குடிக்கிற தண்ணிக்கு 200 வரைக்கும் ஓகே, வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும்னு போட்டிருக்கு. அப்ப போர் தண்ணி குளிக்க துவைக்கத்தான், சாஃப்ட்னர் போடாம புது கீசர் வாங்குனா காசு கரியாயிடும்னு பெரியவரே சொல்லிட்டாரு.

அடுத்து பிரஷர். கீழ தோட்டத்து பைப்புல ஒரு வட்ட கேஜ் மாட்டுனாரு, 0.75 காட்டுச்சு. பத்து மீட்டர் உயரத்துல தண்ணி இருந்தா கிட்டத்தட்ட ஒரு கிலோ பிரஷர், மொட்டமாடி டேங்க்குக்கும் கீழ இருக்குற பைப்புக்கும் ஏழு எட்டு மீட்டர் வித்தியாசம், அதனால 0.75 சரிதான். நான் ஓகே நல்லாதான் இருக்குன்னு நினைச்சேன், அவர் கேஜ் மேலயே கண்ண வெச்சுக்கிட்டு "பாப்பா, கிச்சன்லயும் பாத்ரூம்லயும் ஒரே நேரத்துல தொறங்க"ன்னாரு. தொறந்ததும் முள்ளு சடார்னு 0.2க்கு விழுந்துடுச்சு. பைப்பு மூடியிருக்கும்போது வர்ற பிரஷர் டேங்க் உயரத்த சொல்லும், தண்ணி ஓடும்போது வர்ற பிரஷர்தான் பைப்போட உள்நிலைய சொல்லும்னாரு. கீழ் போர்ஷன் முழுக்க பழைய ஜிஐ பைப்பு, அதாவது துத்தநாகம் பூசுன இரும்பு பைப்பு. பின்பக்கம் முன்ன எப்பவோ மாத்திப் போட்டு மிச்சம் கிடந்த ஒரு துண்டு ஜிஐ பைப்ப எடுத்து காட்டுனாரு, முக்கால் இன்ச் பைப்பு, உள்ள துருவும் உப்பும் சேந்து சுத்தி அடைச்சு நடுவுல பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்ட. இந்த துண்ட நான் போட்டோ எடுத்து மாமனாருக்கு அனுப்பினேன், அதோட ஆறாயிரம் பேச்சு அடங்குச்சு.

மேல் போர்ஷன் அப்புறமா கட்டுனது, சிபிவிசி போட்டிருக்காங்க, அந்த க்ரீம் கலர் பைப்பு, அது நல்லாதான் இருக்கு. ஆனா மேல ஷவருக்கும் டேங்க்குக்கும் மூணு மீட்டர் கூட இல்ல, 0.3தான் வரும், இதுல பெரிய ரெயின் ஷவர் மாட்டணும்னு ஆசப்பட்டீங்கன்னா பிரஷர் பம்ப் வேணும்னு சொல்லிட்டாரு. மொட்டமாடியில வெயில்ல கிடக்குற பைப்புக்கெல்லாம் பெயின்ட் அடிக்கணும், வெயில் பட்டு பட்டு மொறுமொறுன்னு ஆயிடும்னும் சொன்னாரு.

கீசர்ல கண்டுபுடிச்சதுதான் பயமா இருந்துச்சு. சேஃப்டி வால்வுல தண்ணி சொட்டுதுன்னு அந்த வாய்க்கு யாரோ டம்மி போட்டு டெஃப்லான் டேப் சுத்தி இறுக்கி அடைச்சு வெச்சிருக்காங்க. தண்ணி சூடானா விரியும், விரிஞ்ச தண்ணி கொஞ்சம் வெளிய போறதுக்குத்தான் அந்த வால்வே. அது சொட்டுறது ரிப்பேர் இல்ல, வேலையே அதுதான். தெர்மோஸ்டாட்டும் ஒரு நாள் மக்கர் பண்ணி வால்வும் அடைச்சிருந்தா டேங்க் வெடிக்கலாம். அதுவும் பத்தாம கீசர்ல இருந்து சுடுதண்ணி இறங்குற லைன்ல கொஞ்ச தூரத்துக்கு சாதா பிவிசி பைப்ப ஒட்டியிருக்காங்க, அது தொய்ஞ்சு வளைஞ்சு நிக்குது. சிபிவிசி 90 டிகிரி வரைக்கும் தாங்கும், சாதா பிவிசி அறுபதுலயே இளகிடும். ஓனரம்மாவுக்கே தெரியாது பாவம், "பிளம்பர் தம்பி வந்து லீக்க சரி பண்ணிட்டு போனாருங்களே"ன்னாங்க. பெரியவர் அங்கயே மெயின ஆஃப் பண்ணிட்டு, டம்மிய எடுத்து வால்வ மாத்துற வரைக்கும் கீசர போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்தாரு. நம்ம வீடு இன்னும் ஆகல, இருந்தாலும் அத சொல்லிட்டு வந்தது எனக்கு புடிச்சுது.

இப்ப போற தண்ணி.

மேல் பாத்ரூம்ல பையன் ஃப்ளஷ் பண்ண, கீழ் பாத்ரூம்ல நாங்க நின்னு கேட்டோம். தரை ஓட்டைக்கு அடியில தண்ணி நிக்கிற மாதிரி வெச்சிருக்குற ஃப்ளோர் டிராப்புல இருந்து களக் களக்னு சத்தம், அப்புறம் ஒரு நாத்தம். ஓட்டை மேல இருக்குற ஜாலி மூடிய தூக்கி டார்ச் அடிச்சு பாத்தா உள்ள நிக்க வேண்டிய தண்ணி அரை இன்ச் கூட இல்ல. அங்க ரெண்டு இன்ச் தண்ணி நிக்கணும், அந்த தண்ணிதான் சாக்கடை வாயுவ வீட்டுக்குள்ள வரவிடாம மறிக்கிற கதவு, கரப்பான்பூச்சியும் அதனாலதான் வராது. மேல ஃப்ளஷ் பண்ணும்போது பைப்புல காத்து உள்ள வரணும், அது வர்ற வழி மொட்டமாடிக்கு மேல நீட்டியிருக்குற வென்ட் பைப்பு. மேல போயி பாத்தா, தட்டோடு பதிச்சப்ப அந்த பைப்ப தரையோட வெட்டி மூடி போட்டு மேல ஓடும் பதிச்சுட்டாங்க. காத்து வர வழியில்ல, அதனால ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் கீழ டிராப்ல இருக்குற தண்ணிய உறிஞ்சி எடுத்துடுது. ஓனரம்மா பாத்ரூம்ல நாலு மூலையிலயும் நாஃப்தலின் உருண்டை போட்டு வெச்சிருந்ததுக்கு காரணம் இதுதான்.

அப்புறம் சேம்பர். கடப்பாறைய வெச்சு ஒவ்வொரு மூடியா நெம்பி தூக்குனாரு, ஒரு மூடி வாழ்நாள்ல தூக்கியிருக்க மாட்டாங்க போல, செடியே முளைச்சிருந்துச்சு. மேஸ்திரிங்க வெச்சிருக்குற டியூப் லெவல வெச்சு ரெண்டு சேம்பருக்கு நடுவுல வாட்டம் பாத்தாரு. நாலு இன்ச் பைப்புக்கு நாப்பது அடிக்கு ஒரு அடி இறக்கம்ங்கறது பழைய கணக்கு, இங்க இருபது அடி தூரத்துக்கு அரை அடி இறங்கணும், இறங்கியிருக்குறது ஒன்றரை இன்ச். சோப்பும் முடியும் கெட்டியா சேந்து பாதி பைப்பு வரைக்கும் படிஞ்சிருந்துச்சு. கேமரா விட்டதுக்கு அர்த்தம் இங்கதான், பழைய பீங்கான் பைப்பு ஜாயின்ட்டு ஜாயின்ட்டா வேப்பமர வேரு உள்ள பூந்து முடி மாதிரி தொங்குது, டேப்லெட்ல பாக்கும்போது உடம்பெல்லாம் என்னமோ பண்ணுச்சு. 2,500 குடுக்கலாம், பழைய வீட்டுல மரம் இருந்தா கண்டிப்பா குடுங்க, புது ஃபிளாட்டுன்னா தேவையில்ல.

கடைசியா திரும்ப கேசரி பவுடர், ஆனா இந்த தடவ கலர் கலரா. மேல் டாய்லெட்ல ஆரஞ்சு, கிச்சன் சிங்க்ல பச்ச, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி எந்த கலரு எந்த சேம்பர்ல வருதுன்னு பாக்குறது. ஆரஞ்சு ஒழுங்கா சேம்பர் வழியா செப்டிக் டேங்க் பக்கம் போச்சு. பச்சை வரல. ஒரு சேம்பர்லயும் வரல. திரும்ப ஊத்துனோம், வரல. பையன் தெருவுல இருக்குற கால்வா வரைக்கும் போயி பாத்துட்டு வந்துட்டான். பெரியவர் கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டு, கொல்லப்பக்கம் மூலையில இருந்த மழைநீர் சேகரிப்பு தொட்டி மூடிய தூக்குனாரு. உள்ள கூழாங்கல்லு மேல பச்சையா தண்ணி, அதுக்கு மேல எண்ணெ மிதக்குது, ரெண்டு பருக்கை சோறு வேற. கிச்சன இடிச்சு பெருசு பண்ணப்ப பழைய லைன் தூரமா இருக்குன்னு பக்கத்துல இருந்த மழைத்தண்ணி குழிக்கே வேஸ்ட் பைப்ப இழுத்து விட்டுட்டாங்க. 2003ல தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கட்டாயம்னு கட்டுன தொட்டி, நிலத்தடி நீரு ஏறட்டும்னு. அந்த குழியில இருந்து போர் பத்து அடி தள்ளித்தான் இருக்கு. பாத்திரம் கழுவுன தண்ணி இத்தன வருஷமா பூமிக்குள்ள இறங்கிட்டு இருந்திருக்கு, அதே போர்ல இருந்துதான் எடுத்து குளிச்சுட்டும் இருந்திருக்காங்க. ஓனரம்மா முகம் சுண்டிப்போச்சு. புரோக்கர் மட்டும் "அதெல்லாம் மண்ணு வடிகட்டிடுமுங்க"ன்னு சமாளிச்சாரு, அவர் கமிஷன் அவருக்கு.

செப்டிக் டேங்க்க பத்தி ஒரு வார்த்த. அந்த தெருவுல பாதாள சாக்கடை கனெக்ஷன் இந்த வீட்டுக்கு இன்னும் எடுக்கல, பழைய செப்டிக்தான். மூடிய கம்பியால நகத்தி தொறந்துட்டு எல்லாரையும் தள்ளி போக சொன்னாரு, பீடி வெச்சிருந்த புரோக்கர கேட்டுக்கு வெளியவே அனுப்பிட்டாரு, உள்ள மீத்தேன் இருக்கும், பத்திக்கும். அப்புறம் நீளமா ஒரு குச்சியில வெள்ளத் துணி சுத்தி உள்ள விட்டு எடுத்து கசடு எந்த உயரம் வரைக்கும் நிக்குதுன்னு துணியில பாத்து சொன்னாரு, பாதிக்கு மேல இருக்கு, வண்டி கூப்பிட்டு எடுத்துடுங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கணும்னாரு. "ஆள விட்டு இறக்கி நல்லா கழுவி எடுத்துடலாமுங்களா"ன்னு ஓனரம்மா கேட்டாங்க, அதுக்கு மட்டும் அவருக்கு கோவம் வந்துச்சு. "யாரும் உள்ள இறங்கக்கூடாதும்மா, 2013லயே சட்டம் இருக்குது, மிஷின் வண்டிதான்"னாரு. பட்டுன்னு சொன்னாரு, சரியா சொன்னாரு.

இதெல்லாம் நல்லது. இனி மீதி பாதி மார்க்.

எந்த நாள் கார்ப்பரேஷன் தண்ணி வருதுன்னு கேக்காமலே தேதி கொடுத்துட்டாங்க. மேட்டூர் தண்ணி நம்ம ஏரியாவுக்கு தினமுமா வருது? அன்னிக்கு வரல, அதனால தெருவுல இருந்து சம்ப்புக்கு வர்ற லைன்ல தண்ணி ஓட விட்டு பாக்கவே முடியல. "திரும்ப வரணும்னா விசிட் சார்ஜ்"ங்கறாங்க. இது அவங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி, சேலத்துல தொழில் பண்றவங்களுக்கு இது கூட தெரியாதா. சம்ப்ப தொறந்து பாத்ததுல, உள்ள வர்ற பைப்போட முனை தண்ணிக்குள்ள முங்கி இருக்கு, தெரு லைன்ல பிரஷர் போச்சுன்னா சம்ப்பு தண்ணி பின்னாடி உறிஞ்சிக்கும், அந்த பைப்பு தண்ணி மட்டத்துக்கு மேலயே நிக்கணும்னு எழுதியிருந்தாங்க, அது வரைக்கும் ஓகே.

ரெண்டாவது ரிப்போர்ட்டு. போட்டோ எல்லாம் அருமையா இருக்கு, சிவப்பு அம்புக்குறி போட்டு எந்த எடம்னு தெளிவா காட்டியிருக்காங்க, ஆனா எழுத்து பூரா இங்கிலீஷ். அதுவும் பாதி இங்க எழுதுனது இல்ல, எங்கயோ அமெரிக்காவுல இருந்து எடுத்த டெம்ப்ளேட். பனிக்காலத்துல பைப்புல தண்ணி உறைஞ்சு வெடிக்காம இருக்க சுத்தி கவர் போடவும்னு ஒரு பக்கம் முழுக்க. சேலத்துல. மே மாசம் மத்தியானம் டேங்க் தண்ணிய தொட்டா கை வேகுற ஊர்ல. வீட்டுக்கு அடியில தவழ்ந்து போற இடத்த பரிசோதிக்க முடியலன்னு வேற போட்டிருந்தாங்க, அப்படி ஒரு இடமே நம்ம வீடுகள்ல கிடையாதே சாமி. மாமனார் என்ன எழுதியிருக்குன்னு கேட்டாரு, நான் மொழிபெயர்த்து சொல்லிட்டு வந்தேன், பனி பக்கம் வந்ததும் ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். பெரியவர் வாயால சொன்னதுதான் ரிப்போர்ட்டு, பேப்பர்ல இருக்குறது போட்டோ ஆல்பம்.

சுவத்த உடைச்சு பாக்க மாட்டாங்க, அத மொதல்லயே தெளிவா சொல்லிடறாங்க. ஈரம் அளக்குற ஒரு மீட்டரும் தெர்மல் கேமராவும் வெச்சு பாத்ரூம் சுவத்துக்கு வெளிப்பக்கம் பாத்தாங்க, ஒரு எடத்துல நீலமா தெரிஞ்சுது, ஆனா அந்த கேமரா தண்ணிய காட்டாது, குளிர்ச்சியதான் காட்டும், அதனால ஈர மீட்டர வெச்சு உறுதி பண்ணிக்கிட்டாங்க. மேல் பாத்ரூம்ல பைப்பு போறதுக்காக தரைய பள்ளமா இறக்கி கட்டுன சங்கன் ஸ்லாப்ல தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு கீழ கசியுதான்னு பாக்குறதுதான் சரியான டெஸ்ட்டு, அத நீங்களே ஓனர்கிட்ட பர்மிஷன் கேட்டு பண்ணுங்கன்னுட்டாங்க. பண்ணோம், கசியல, நிம்மதி.

இவங்களையே ஏற்காட்டுக்கும் கூப்பிட்டோம், நாத்தனார் வீட்டுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும்னு போக்குவரத்துக்கு தனியா 1,500 வாங்குனாங்க, அது நியாயம்தான். அங்க பிரச்சன உல்டா. வீடு சரிவுல கீழ, டேங்க் மேல எஸ்டேட் ஓரத்துல, நாப்பது மீட்டர் உயரத்துல. கேஜ் மாட்டுனா 4 கிலோ அடிக்குது. அதனாலதான் அவங்களுக்கு வாஷர் நிக்கிறதே இல்ல, ஹெல்த் ஃபாசெட் ட்யூப் டப்பு டப்புன்னு பிச்சுக்குது, பைப்ப சட்டுன்னு மூடுனா சுவத்துக்குள்ள டம்முனு இடிக்குது. வீட்டுக்கு பக்கத்துல பிரஷர் குறைக்கிற வால்வு ஒன்னு, இல்லன்னா நடுவுல ஒரு சின்ன டேங்க் வெச்சு அங்கிருந்து இறக்குங்கன்னாங்க. நாத்தனார் இதுவரைக்கும் கம்பெனி பைப்பு சரியில்லன்னு மூணு பிராண்ட் மாத்தியிருந்தா. டேங்க்ல இருந்து வர்ற கருப்பு ஹோஸ் மண்ணுக்கு மேலயே கிடக்குது, காட்டெருமை நடக்குற வழி, அத மண்ணுல புதைக்க சொன்னாங்க. அங்க பெரியவர் ரொம்ப நேரம் பாத்தது சோக் பிட்ட, ஏன்னா அதுக்கு கீழ்ச்சரிவுல பக்கத்து வீட்டுக்காரர் கிணறு. குடிதண்ணி கிணத்துக்கும் செப்டிக் தண்ணி இறங்குற குழிக்கும் குறைஞ்சது 18 மீட்டர் இருக்கணும்னு ஐஎஸ் 2470ல இருக்கு, அளந்தா 12தான் வருது, அதுவும் சரிவுல மேல. குழிய வேற பக்கம் மாத்திட்டு இருக்காங்க இப்ப. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு நாத்தனாருக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வாரம் பஞ்சாயத்து, கடைசியில சொல்லிட்டாங்க.

அழகாபுரம் வீட்டுக்கு வருவோம். ரிப்போர்ட்ட வெச்சு வெளிய ஒரு பிளம்பர்கிட்ட எஸ்டிமேட் வாங்குனோம், கீழ ஜிஐ லைன் முழுக்க மாத்துறது, டிரெய்னேஜ் லைன் தோண்டி வாட்டம் சரி பண்ணி புது பைப்பு, கிச்சன் லைன மழைத்தண்ணி குழியில இருந்து வெட்டி சேம்பருக்கு கொண்டு வர்றது, வென்ட் பைப்பு, கீசர் வால்வு எல்லாம் சேத்து ரெண்டே கால் லட்சம். ஓனரம்மாகிட்ட அந்த பச்சத் தண்ணி போட்டோவ காட்டியே பேச வேண்டியதா போச்சு, அவங்க ரெண்டு லட்சம் குறைச்சாங்க. வீட்ட எடுத்துட்டோம். வேப்பமரத்த வெட்டல, பைப்புதான் வேற பக்கமா போகுது.

கூப்பிடறவங்க புக் பண்ணும்போதே மூணு விஷயம் கேட்டு வாங்கிக்கங்க, தண்ணி வர்ற நாளுக்கு வரணும், கடினத்தன்மை டெஸ்ட்ட பேக்கேஜுக்குள்ளயே போடணும், அந்த பெரியவர்தான் வரணும். தமிழ்ல ரிப்போர்ட் கேட்டிருக்கேன். "ரெடியாயிட்டு இருக்கு மேடம்"ங்கறாங்க, நாங்க பால் காய்ச்சியே முடிச்சுட்டோம்.